குட்டையில் விட்ட குஞ்சுகள்: எங்கள் குடும்பக் குழுவில்

சித்தப்பா: வியாழக்கிழமை மதியம் 2 மணிக்கு நம் 25 சென்ட் குட்டையில் 1000 கட்லா, ரோகு விரலிகளை (விரல் நீள மீன்குஞ்சுகளை) விட்டேன். அன்று மாலையே ஐம்பது அறுபது செத்து மிதந்தன. இன்று பார்த்தால், உயிரோடு இருப்பவற்றிலும் சிலவற்றின் வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. நோய் பிடித்த குஞ்சுகளை விற்றவர் என் தலையில் கட்டிவிட்டார்.

கயல்: சித்தப்பா, வந்தவுடனே பைகளை அவிழ்த்துவிட்டீர்களா?

சித்தப்பா: ஆமாம் அம்மா. சூடு தாக்காமல் இருக்கப் பைகளுக்கு இடையே ஐஸ்கட்டி வைத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே மூச்சு முட்டுமே என்று அவசரமாகக் கொட்டிவிட்டேன்.

கயல்: அப்படியானால் விற்றவர் மேல் பழி போட முடியாது. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டைப் பின்பற்றியே ஏறி இறங்குவதால், குளிர்ந்த பையிலிருந்து மதிய வெயிலில் காய்ந்த மேல்நீருக்குள் ஒரே நொடியில் விழுந்த குஞ்சுகளுக்குப் பழக அவகாசமே கிடைத்திருக்காது. அந்த அதிர்ச்சியில் கார்டிசால் என்னும் ஹார்மோன் கூடி, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைகிறது. குட்டையில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சமயம் பார்த்துத்தான் தொற்றும். புள்ளிகள் சில நாள் கழித்துத் தெரிவது அதனால்தான். பிழைத்தவையும் தீனியைக் குறைத்துக்கொண்டு, வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்தை உடலைத் தேற்றவே செலவிடும்.

பெரியப்பா: நேற்றிரவு நல்ல மழை பெய்ததே, தண்ணீர் குளிர்ந்தது நன்மைதானே?

கயல்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம், பெரியப்பா. குளிர்ந்த மழைநீர் கனமானது. அது கீழே இறங்கும்போது ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் கலங்கி மேலே வரும். மறுநாளும் மேகமூட்டமாக இருந்தால் பாசியும் போதிய ஆக்சிஜனைத் தராது. தண்ணீர் சூடானாலும் சிக்கல்தான்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும்.

சித்தப்பா: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பசி என்று நினைத்துத் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைத்திருக்கிறேன்.

கயல்: அதைப் போடாதீர்கள்! அது பசியில்லை, ஆக்சிஜன் போதாமல் தவிக்கின்றன. தின்னாமல் கிடக்கும் தீவனம் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துவிடும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை உடனே ஓட்டுங்கள். புள்ளி உள்ள இரண்டு மீன்களை உயிரோடு மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டிய பிறகு மருந்து வாங்கலாம். அடுத்த முறை காலையிலோ மாலையிலோ, கட்டிய பையை அப்படியே அரைமணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேருங்கள்; குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறட்டும்.

சித்தப்பா: ஏரேட்டர் ஓடுகிறது. தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டேன். விற்றவரிடம் காலையில் சத்தம் போட்டுவிட்டேன், அவரையும் அழைத்துப் பேச வேண்டும்.