12 வாரத்தில் ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார்கள், குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

வண்டன்மேட்டு மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள். எனக்குப் பிறந்த வீடு கம்பம், கட்டிக்கொண்டு வந்தது வண்டன்மேடு பக்கம், வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறார். முதல் பிள்ளை, 12 வாரம் முடிந்து 13 நடக்கிறது. என் உடன்பிறந்த அக்காவுக்கு எட்டாம் மாதம் தொடங்கும்போதே பிரசர் ஏறி, முகமெல்லாம் வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை ரொம்ப நாள் இன்குபேட்டரில் இருந்து பிழைத்தது. இதைக் கட்டப்பனையில் நான் பார்க்கும் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்.டி ஸ்கேனோடு (பிள்ளையின் பின்கழுத்தை அளந்து பார்க்கும் ஸ்கேன்) கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் ஓட்டத்தையும் பார்த்துவிட்டு, தினமும் ராத்திரி ஈகோஸ்பிரின் 150 என்கிற ஆஸ்பிரின் மாத்திரை போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

கம்பத்தில் மாத்திரை வாங்கப் போனால் மெடிக்கல் ஷாப்பில் இருந்தவர், இது நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுப்பது, ரத்தத்தை நீர்க்க வைக்கும், மாசமாக இருக்கிற பெண்ணுக்கா என்று கேட்டுவிட்டார். அத்தை அதைக் கேட்டதில் இருந்து மாத்திரையைத் தொடவே விடவில்லை. டாக்டரிடம் திரும்பக் கேட்க அடுத்த செக்கப் வரை பொறுக்க வேண்டும். இதைப் பற்றி உண்மையிலேயே ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா பழக்கத்தில் எழுதுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேனி செவிலி:

தங்கச்சி, முதலில் ஒன்று. அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே, நாளைக்கே அந்த டாக்டருக்கோ அங்கே இருக்கிற சிஸ்டருக்கோ போன் போட்டுக் கேள். உன் அக்காவுக்கு வந்த மாதிரி கர்ப்பத்தில் பிரசர் ஏறுகிற நோய்க்குப் பிரீ-எக்லாம்சியா என்று பெயர், அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. இதற்கு நேரம் முக்கியம், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கிறது. அல்சர், ரத்தம் உறையாத கோளாறு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை, ஆஸ்துமா இதில் எது இருந்தாலும் அதை மட்டும் கட்டாயம் சொல்லிவிடு.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், நஞ்சுக்கொடி வேர்விடுகிற காலம் அது. அதன் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் போய் அங்கே சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்களை அகலமாக்கும். தண்ணீர் கடைசி வயலுக்கும் பாய வாய்க்காலை முதலிலேயே அகலமாக வெட்ட வேண்டும் அல்லவா, அப்படித்தான். அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அது எஸ்.எஃப்.எல்.டி-1 என்கிற ஒரு புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறி விடும், அது தாயின் ரத்தக்குழாய்களின் உள்தோலைக் கெடுக்கும். பிரசர் ஏறுவது, யூரினில் புரதம் போவது, வீக்கம், கிட்னியும் ஈரலும் பாதிக்கப்படுவது எல்லாம் அங்கிருந்து வருபவை. இந்தப் புரதத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 2003-இல் அனந்த் கருமாஞ்சி குழுவினர் எலிகளில் காட்டினார்கள். அதாவது எட்டாம் மாதம் வெளியே தெரிகிற நோய்க்கு விதை மூன்றாம் நாலாம் மாதத்திலேயே விழுந்துவிடுகிறது. உன் டாக்டர் ரத்த ஓட்டத்தை அளந்து பார்த்தது அதற்காகத்தான். நல்ல டாக்டர்.

பாலக்காட்டுத் தம்பி:

நான் மருத்துவ ஆராய்ச்சியில் தரவு பார்க்கிற ஆள், டாக்டர் இல்லை. சகோதரி கேட்ட ஆராய்ச்சிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆஸ்ப்ரீ என்று ஒரு ஆய்வு, 2017-இல் வெளிவந்தது. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம், கிரீஸ், இஸ்ரேலில் நடந்தது. ஆபத்து அதிகம் என்று சோதனையில் தெரிந்த 1,776 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டி வந்த பிரீ-எக்லாம்சியா வெற்று மாத்திரைக்காரர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின்காரர்களில் 1.6 சதவீதம். உங்கள் அக்காவுக்கு வந்தது இந்தச் சீக்கிரம் வருகிற வகைதான், குழந்தையை அதிகம் பாதிப்பதும் இதுதான். மாதம் நிறைந்த பிறகு வருகிற பிரீ-எக்லாம்சியாவை ஆஸ்பிரின் குறைத்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அதனால் மாத்திரை போடுகிறோம், இனி பிரசர் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. இன்னொன்று, பத்தில் ஒன்பது மாத்திரையாவது தவறாமல் விழுங்கியவர்களுக்குத்தான் பலன் மிக அதிகம் கிடைத்தது. வீட்டில் ஒருவர் வேண்டாம் என்பது, ஒருவாரம் விட்டுப் போடுவது, இதெல்லாம் மருந்தையே வீணாக்கும்.

வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சரி, நமக்கு? என்று சிலர் கேட்பார்கள். 2020-இல் லான்செட்டில் வந்த இன்னொரு ஆய்வில் இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, காங்கோ, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் முதல் பிள்ளைக்காரிகள் கிட்டத்தட்ட 12,000 பேர் சேர்ந்தார்கள். இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும். அதில் 81 மில்லிகிராம்தான். குறைமாதப் பிரசவம் 13.1 சதவீதத்தில் இருந்து 11.6 ஆகக் குறைந்தது, பிறப்பை ஒட்டிய சிசு மரணமும் குறைந்தது.

மெடிக்கல் ஷாப் அண்ணன் பயந்ததற்கும் காரணம் உண்டு. வலிக்குப் போடும் பெரிய அளவு ஆஸ்பிரினையும் அதே வகை வலி மாத்திரைகளையும் 20 வாரத்துக்கு மேல் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் எச்சரித்தது, குழந்தையின் கிட்னியைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும் என்பதால். ஆனால் அதே எச்சரிக்கையிலேயே டாக்டர் சொல்லிப் போடும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சித்தூர் அம்மா:

நான் அனுபவத்தில் சொல்கிறேன் மா. எனக்கு ரெண்டாவது பிள்ளைக்கு வந்தது. கண்ணுக்கு முன்னால் மின்னுவது மாதிரி இருந்தது, தலைவலி தாங்கவில்லை, வலது பக்கம் விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது. அசிடிட்டி என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள் வீட்டில். ஆஸ்பத்திரியில் பிரசர் பார்த்ததும் உடனே மக்னீசியம் ஊசி போட்டார்கள், போடும்போது உடம்பெல்லாம் தீயாகக் கொதித்தது. வலிப்பு வராமல் காத்தது அதுதான். குழந்தையின் நுரையீரலுக்கு என்று எனக்கே ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

மாத்திரையைப் பற்றி அத்தையோடு சண்டை போடாதே. அடுத்த தடவை அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போ. டாக்டர் வாயால் கேட்டால்தான் பெரியவர்களுக்கு மனசு ஆறும். அப்புறம் உப்பைக் குறைத்துக் கொள், முழு நேரமும் படுத்தே இரு.

தேனி செவிலி:

அக்கா சொன்ன மக்னீசியம் சும்மா வந்ததில்லை. மேக்பை என்று 33 நாடுகளில் 10,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு, 2002-இல் முடிவு வந்தது, வலிப்பு வருவது பாதிக்கு மேல் குறைந்தது. நுரையீரல் ஊசிக்கும் நம் நாட்டுப் பெண்கள் சேர்ந்த ஆய்வு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்டது. டெக்ஸாமெத்தசோன் என்கிற அந்த ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் பிறந்த 28 நாளுக்குள் இறந்தது 19.6 சதவீதம், போடாதவர்களில் 23.5.

ஆனால் அக்கா, கோபப்படாதீர்கள், உப்பைக் குறைப்பதும் படுத்தே கிடப்பதும் இந்த நோயைத் தடுப்பதாகச் சான்று இல்லை, உலக சுகாதார நிறுவனமும் அதற்காக இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. சாதாரணமாக நடமாடட்டும். கால்சியம் மாத்திரைதான் முக்கியம். பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்த ஆய்வில் தினம் 500 மில்லிகிராமே 1,500-க்கு ஈடாக பிரீ-எக்லாம்சியாவைத் தடுத்தது, 2024-இல் வந்தது. அரசு கொடுக்கும் மாத்திரை 14 வாரத்தில் இருந்து நாளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 500. அதை இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே, சில மணி நேரம் இடைவெளி விடு.

வண்டன்மேட்டு மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன் போட்டுக் கேட்டேன், பயப்படாமல் போடச் சொன்னார்கள். அத்தையும் ஸ்பீக்கரில் கேட்டார், இப்போது அவரே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக் கொடுக்கிறார். இன்னொரு சந்தேகம். வளைகாப்பு முடிந்ததும் கம்பம் போய்விடுவேன், பிரசவம் அங்கேதான். இங்கே ஒரு டாக்டர், அங்கே ஒரு டாக்டர், மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று யாரிடம் கேட்பது?

தேனி செவிலி:

இதில்தான் நம் பக்கத்துப் பெண்கள் பலர் சிக்குகிறார்கள். கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டைத் தாண்டினால் இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் கார்டு வேறு, ஆஸ்பத்திரி வேறு, பழைய பிரசர் அளவு யாருக்கும் தெரியாது. 110 இருந்தவளுக்கு 138 வந்தால் ஏற்றம்தான், ஆனால் பழைய அளவு கையில் இல்லாதவருக்கு அது சாதாரணமாகத் தெரியும். அதனால் இப்போதே கம்பத்துக் கிராம செவிலியரிடம் சொல்லி ஆர்.சி.எச் எண் (அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) பதிந்து வை, பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். கட்டப்பனைச் சீட்டு, ஸ்கேன், ஒவ்வொரு தடவை பார்த்த பிரசர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடு, போனிலும் படம் எடுத்து வை. மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, எந்த வாரத்தில் நிறுத்துவது என்று உன் டாக்டரையே கார்டில் எழுதித் தரச் சொல். ஆஸ்ப்ரீயில் 36 வாரத்தில் நிறுத்தினார்கள், சில இடங்களில் பிரசவம் வரை கொடுப்பார்கள், உனக்கு எது என்று அவர் சொல்லட்டும்.

பிரசர் 140/90 ஆனாலோ, சித்தூர் அக்கா சொன்ன தலைவலி, கண் மின்னல், விலா வலி வந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ ராத்திரி என்று பார்க்காதே, மலைப்பாதை என்று தயங்காதே, உடனே கிளம்பு. பிள்ளை பிறந்த பிறகும் மூன்றில் இருந்து ஆறாம் நாள் வரை பிரசர் உச்சத்துக்குப் போகலாம், வீட்டுக்கு வந்த பின்னும் பார்க்க வேண்டும்.

குமுளி பானு:

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு 20 வாரம் நடக்கிறது, இரட்டைக் குழந்தை, யாரும் ஆஸ்பிரின் பற்றிச் சொல்லவில்லை. நேரம் போய்விட்டதா?

தேனி செவிலி:

இல்லை பானு. 16-க்குள் என்றால் சிறப்பு, ஆனால் 28 வாரம் வரை தொடங்கலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு சொல்கிறது. இரட்டைக் குழந்தையை அவர்கள் அதிக ஆபத்துப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே, இந்த வாரமே உன் டாக்டரிடம் நேரடியாகக் கேள்.