கலைச்சொல் உதவி: பழைய ராணுவப் பயிற்சி முகாமில் கிடைக்கும் "வெற்றுத் தோட்டா" எது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள கேனக் சேஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப்போரின்போது அந்தப் புதர்க்காட்டில் பிராக்டன், ரூஜ்லி என்று இரண்டு பெரிய பயிற்சி முகாம்கள் இருந்தன. ஒரே நேரத்தில் 40,000 பேர் வரை தங்கியிருக்கிறார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அங்கே பயிற்சி பெற்றுப் போனார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1917-இல் வந்து சேர்ந்த நியூசிலாந்து ரைஃபிள் படையினர், அதே ஆண்டு பெல்ஜியத்தில் சண்டை நடந்த மெசின் ஊரின் மாதிரியைத் தெரு, பதுங்குகுழி எல்லாம் சேர்த்து முகாமின் தரையிலேயே சிமெண்டில் கட்டிவைத்தார்கள். ஜெர்மானியப் போர்க்கைதிகளும் அந்த வேலையில் இருந்தார்கள். 2013-இல் அதைத் தோண்டிப் பதிவு செய்துவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று மறுபடியும் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள்.

போர் முடிந்ததும் மரக்குடில்கள் பிரித்து விற்கப்பட்டன. மண்ணுக்குள் தங்கியவை ஆணிகள், பித்தளைப் பொத்தான்கள், தொப்பியில் குத்தும் வில்லைகள், அப்புறம் பிரிட்டிஷ் படையின் .303 துப்பாக்கியின் மிச்சங்கள். இந்த மாதிரி பழைய முகாம்களில் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டரோடு இறங்கித் தேடுவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. (கேனக் சேஸில் அனுமதியில்லாமல் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது.) கட்டுரையின் பாதி இவர்களைப் பற்றியது. சொல்தான் இடிக்கிறது.

கருவிக்கு "உலோக உணரி" வேண்டாம் என்று நினைக்கிறேன். உணரி இன்று சென்சாருக்கு நிலைத்துவிட்டது; கைபேசிக்குள்ளேயே நாலைந்து உணரிகள் இருக்கின்றன. "உலோகங்காட்டி" என்றால் என்ன? திசைகாட்டி போலப் பொருள் சரி, மரங்கொத்தி போலப் புணர்ச்சியும் சரி. தேடும் செயலுக்கு "துழாவல்". கருவியின் தட்டைத் தரையையொட்டி இடமும் வலமும் வீசிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு வேறு வினை தோன்றாது.

கிடைக்கும் பொருளுக்குப் பொதுப்பெயர் இன்னும் சிக்கல். "புதையல்" சட்டப்படி தப்பு. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் 1916-இன் பித்தளைப் பொத்தான் வராது. நம் ஊரில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதையும் புதையல் என்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் போனால் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறது. அது தனிக்கதை. "போர்த்தடயம்" என்றும் சொல்ல முடியாது. கேனக் சேஸில் போரே நடக்கவில்லை, போருக்குப் போகப் பழகினார்கள், அவ்வளவுதான். "படையெச்சம்" எனக்குப் பிடித்திருக்கிறது. எச்சம் என்றதும் காக்கா ஞாபகம் வரும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

முகாமுக்குப் "பாசறை" போடலாமா? முல்லைப்பாட்டு காட்டும் பாசறையும் காட்டை வெட்டி, முள்வேலி போட்டு, தெருத்தெருவாகக் குடில் கட்டியதுதான். இன்று கட்சிக்காரர்கள் அந்தச் சொல்லை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் தயக்கம்.

கடைசியாக, எனக்குத் தலைவலி தரும் கேள்வி. செய்தித்தாள்கள் "வெற்றுத் தோட்டா" என்று மூன்று வேறு பொருள்களைச் சொல்கின்றன. சுட்டபின் விழும் பித்தளைக் கூடு ஒன்று. குண்டே இல்லாமல் சத்தத்துக்கு மட்டும் சுடுவது இன்னொன்று. ஏற்றி இறக்கிப் பழக மட்டும் கொடுக்கும், மருந்தில்லாத போலி மூன்றாவது. பயிற்சி முகாம் என்பதால் என் கட்டுரையில் மூன்றுமே, சில இடங்களில் ஒரே பத்தியில், வருகின்றன. என்ன செய்யலாம்?

---

ஐயாவுக்கு வணக்கம். வவுனியாவில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் தலைவலிக்கு எங்கள் பக்கத்தில் மருந்து இருக்கிறது. நீங்கள் தோட்டா, குண்டு என்று இரண்டை வைத்துச் சமாளிக்கிறீர்கள். நாங்கள் முழுதாக இருப்பதை ரவை என்போம். துவக்கில், அதாவது துப்பாக்கியில் இருந்து பாய்ந்து போவது சன்னம். பக்கத்தில் தெறித்து விழுவது கோது. "சன்னம் பட்டது" என்றால் ஆளுக்குக் காயம். "கோது கிடந்தது" என்றால் யாரோ அந்த இடத்தில் நின்று சுட்டிருக்கிறார்கள். இதைக் கலைச்சொல் குழு உட்கார்ந்து உருவாக்கவில்லை. சனம் கதைத்துக் கதைத்து வந்தது. எப்படி வந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் கட்டுரைக்கு இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். கோது கிடைக்கும் இடம் சுட்டவர் நின்ற இடம், சன்னம் கிடைக்கும் இடம் இலக்குக்குப் பின்னால் இருந்த மண்மேடு. இரண்டையும் "தோட்டா" என்று எழுதினால் சூட்டுத் திடல் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்றே வாசிக்கிறவருக்கு விளங்காது.

கருவியைப் பற்றி ஒன்று. உலோகங்காட்டி நல்ல சொல்தான், ஆனால் இங்கே அந்தக் கருவியைக் கண்டால் ஒருவருக்கும் பொழுதுபோக்கு ஞாபகம் வராது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் கையில்தான் அதைப் பார்த்திருக்கிறோம். சத்தம் வந்த இடத்தில் மண்வெட்டியைப் போடமாட்டார்கள். முழந்தாளிட்டு, தள்ளி இருந்து பக்கவாட்டாக மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி வருவார்கள். ஆகவே "துழாவல்" என்ற சொல்லைப் பொழுதுபோக்குக்கு மட்டும் வையுங்கள், வெடிபொருள் அகற்றும் பணிக்கு அது வேண்டாம். கைக்குண்டு எறிந்து பழகிய இடங்களும் அந்த முகாம்களில் இருந்திருக்கும். "வெடிக்காத வெடிபொருள்" என்ற தொடர் எங்களிடம் நன்றாகப் பழகியது. அதை அப்படியே எடுத்துப் பாவியுங்கள், புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

---

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் கருவிப் பக்கத்தை மட்டும் தொடுகிறேன்.

தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் ஓடும்போது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அது உண்டாக்கும் காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கிறது. போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை வைத்து இது இரும்பா, பித்தளையா என்று கருவி ஊகிக்கும். சுழல் மின்னோட்டம், கட்ட வேறுபாடு இரண்டும் பாடநூல் சொற்கள், கைவைக்காதீர்கள். காதில் கேட்கும் ஒலிக்கு, எண்ணாகத் திரையில் வருவதற்கு இரண்டுக்கும் சேர்த்துத் "துலங்கல்" போதும். தூண்டல், துலங்கல் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்கிறோம்.

இரும்பின் சத்தத்தை அடக்கிவைக்கும் வசதிக்கு முந்தைய இழையில் ஒருவர் "பாகுபாடு" என்று போட்டிருந்தார். அது வேறு விவகாரத்துக்கு வேண்டிய சொல், விட்டுவிடுவோம். "இரும்பு விலக்கு" என்று நேராகச் சொல்லலாம், மதுவிலக்கு, வரிவிலக்கு இருக்கிற மொழிதானே. குடில்கள் பிரிக்கப்பட்ட இடத்தில் ஆணி கொட்டிக் கிடக்கும் என்பதால் விலக்கை முழுக்க ஏற்றிவிடத் தோன்றும். ஏற்றினால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் பொத்தானின் துலங்கலும் சேர்ந்து அமுங்கிப்போகும். இதை "மறைப்பு" என்று எழுதுங்கள்.

---

இருவருக்கும் நன்றி.

கோது, சன்னம் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கோது தமிழ்நாட்டுக்கும் அந்நியமில்லை, புளியங்கோது வரை இருக்கிறது. ரவையை மட்டும் மன்னிக்க வேண்டும் அக்கா. "வீரர் ஒருவருக்கு ஐந்து ரவை" என்று எழுதினால் இங்கே உப்புமாவுக்கே பத்தாது என்பார்கள். முழுதாக இருப்பது தோட்டாவாகவே இருக்கட்டும்.

குண்டில்லாமல் சத்தம் மட்டும் போடுவதற்கு எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது: வேட்டுத்தோட்டா. கோயில் வேட்டு போல ஒலிக்கு மட்டும் வைப்பது. "வெத்துவேட்டு" என்று ஆளைத் திட்டும்போதே பாதிப் பொருள் வந்துவிடுகிறது. மண்ணில் கிடைக்கும்போது இதைப் பிரித்தறியவும் முடியும். வேட்டுத்தோட்டாவின் வாய் முதலில் மடித்து மூடப்பட்டிருக்கும். சுட்டபின் விரிந்தாலும் அந்த மடிப்பின் சுருக்கம் பித்தளையில் நிற்கும். குண்டு பிடித்திருந்த கோதின் வாய் சுருக்கமில்லாமல் வட்டமாக இருக்கும். மூன்றாவது, மருந்தில்லாதது, "போலித்தோட்டா". ஆக "வெற்றுத் தோட்டா" என்ற சொல்லே கட்டுரையில் வராது. என்சிசியில் நாங்கள் "எம்ப்டி" என்றுதான் சொன்னோம். சுட்டு முடித்ததும் எம்ப்டியை எண்ணி ஒப்படைக்காமல் யாரையும் விடமாட்டார்கள். கேனக் சேஸில் அவ்வளவு கறாராக எண்ணியிருந்தால் இன்று துழாவுகிறவர்களுக்குக் கோதே மிஞ்சியிருக்காது.

பாசறையைக் கட்சிகளிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாம் என்றே முடிவு செய்திருக்கிறேன். "பயிற்சிப் பாசறை" என்று முன்னால் ஒரு சொல் இருந்தால் குழப்பம் இல்லை. படையெச்சத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லாததால் காக்காவைச் சகித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. கோதின் அடிப்பக்க வட்டத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகள். அந்தக் காலத்து .303 கோதைத் துடைத்துப் பார்த்தால் செய்த ஆலையின் குறி இருக்கும், கே என்ற எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் கைனாக் ஆலை. கூடவே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், தோட்டா வகைக்கு ரோமன் எண் ஏழு. எந்த ஆலை எந்த ஆண்டில் அந்தத் தோட்டாவைச் செய்தது என்று சொல்ல இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. "அடிமுத்திரை", "அடிப்பொறிப்பு" இரண்டும் கையில் இருக்கின்றன. முத்திரை என்றால் ஒரே சின்னம் என்று ஆகிவிடுகிறது, இங்கே எழுத்தும் எண்ணுமாகக் கிடக்கிறது. அதனால் நான் பொறிப்பின் பக்கம் சாய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மாற்று யோசனை வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் "அடிப்பொறிப்பு" என்று போட்டு அனுப்பிவிடுவேன்.