தி விர்ஜின் ஸ்பிரிங் (1960): கடைசியில் வரும் ஊற்று தேவைதானா?

நிழல்வெளி:
ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் இந்தப் படத்தைக் கடைசிக் காட்சி கெடுக்கிறது என்பது என் கருத்து. தேவாலயத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோன காரினை வழியில் இடையர்கள் இருவர் சீரழித்துக் கொல்கிறார்கள். கூட வந்த அவர்களுடைய தம்பி, சின்னப் பையன், எதிலும் கை வைக்கவில்லை. பிறகு தெரியாமல் அவள் வீட்டுக்கே தங்க வந்த அந்த மூன்று பேரையும் அப்பா தோரே கொல்கிறார். பிறகு மகளின் சடலத்தருகே, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோயில் கட்டுவதாக நேர்ந்துகொள்கிறார். உடலைத் தூக்கியதும் அவள் தலை கிடந்த இடத்தில் தண்ணீர் பொங்குகிறது. நேர்த்திக்கடன் முதலில், தண்ணீர் பிறகு. இந்த வரிசையில் பார்த்தால், பையனைக் கொன்ற பாவத்துக்குக் கோயிலை ஈடாக வாங்கிக்கொண்டு கடவுள் ரசீது கொடுத்ததுபோல் ஆகிறது.

கல்மண்டபம்:
வரிசை சரி, முடிவு தப்பு. நேர்வதற்கு முன்னால் தோரே கடவுளிடம் என்ன சொல்கிறார்? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், நடக்க விட்டாயே, உன்னை எனக்குப் புரியவில்லை என்கிறார். தோரேயாக நடிக்கும் மேக்ஸ் வான் சிடோ அதைப் பேசும்போது நமக்கு முதுகுதான் தெரிகிறது. அந்தக் கேள்விக்குப் படம் எங்கேயும் பதில் தரவில்லை. ஊற்றுநீரை அள்ளி முகம் கழுவுவதும் தோரே இல்லை, அவர் வீட்டுப் பணிப்பெண் இங்கெரி. கிறித்தவத்துக்கு முந்தைய கடவுளான ஓடினிடம் வேண்டிக்கொண்டவள், காரினின் ரொட்டிக்குள் தேரையை வைத்தவள், கல்லைக் கையில் எடுத்தும் எறியாமல் அந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டு நின்றவள். தண்ணீர் யாருக்கு என்பதற்கு அதைவிடத் தெளிவு வேண்டுமா?

நிழல்வெளி:
இங்கெரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அழகான இடம். ஆனால் மூலத்தைப் பாருங்கள். ஸ்வீடனின் பழைய கதைப்பாட்டில் மகள்கள் மூன்று பேர். கொன்றவர்கள் யாரென்று பின்னால் தெரிகிறது: சிறு வயதிலேயே பிரிந்துபோன தோரேயின் சொந்த மகன்கள்! கோயில் கட்டுவது அதற்கான பிராயச்சித்தம். திரைக்கதை எழுதிய உல்லா இசாக்சனும் பெர்க்மனும் இந்தத் திருப்பத்தை எடுத்துவிட்டு, கோயிலையும் ஊற்றையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். காரணம் போய்விட்டது, பரிகாரம் நிற்கிறது.

கல்மண்டபம்:
காரணம் போகவில்லை, அந்தப் பையன்மேல் ஏறியிருக்கிறது. தோரே வீட்டு மேசையில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம், காட்டில் காரின் சொன்ன அதே ஜெபம். அதைக் கேட்டதும் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது, சோறு இறங்கவில்லை. கடைசியில் அவன் ஓடி ஒளிவது தோரேயின் மனைவி மெரேட்டாவின் மடியில். அவள் அணைத்துக்கொள்கிறாள், தோரே பிடுங்கிச் சுவரில் எறிகிறார். மகனைக் கொன்றதாகத்தான் எனக்குப் படுகிறது. சொந்த மகன் என்று கதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது தற்செயலாகப் போயிருக்கும்.

வெள்ளித்திரை:
இருவருமே பழிவாங்கலுக்கு முந்தைய பகுதியை விட்டுவிட்டீர்கள், படத்தின் கனமே அங்கேதான். காரினின் உடையை இடையர்கள் விற்க வந்ததும் மெரேட்டா கதவை வெளியே தாழிடுகிறாள். தோரே உடனே பாயவில்லை. வெட்டவெளியில் தனியாக நிற்கும் பிர்ச் மரத்தை உடல் பலத்தாலேயே சாய்க்கிறார், கிளைகளை வெட்டுகிறார், நீராவிக் குளியலில் அந்தக் கிளைகளால் தன்னையே அடித்துக்கொள்கிறார், ஆடு மாடு அறுக்கும் கத்தியைக் கேட்டு வாங்குகிறார். ஸ்வென் நிக்விஸ்ட்டின் கேமரா மரத்தைத் தூரத்தில் வைத்தே காட்டுகிறது. இது ஆத்திரத்தில் செய்த கொலை இல்லை, சடங்கு. சடங்கு இவ்வளவு கம்பீரமாக இருப்பதுதான் ஆபத்து: பார்ப்பவனும் கத்தியின் பக்கம் போய்விடுகிறான்.

பெர்க்மனே பின்னாளில் இதை ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் மட்டமான நகல் என்று ஒதுக்கினார். ஆஸ்கர் வாங்கிய படத்தைப் பற்றி!

நிழல்வெளி:
இது என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. பார்ப்பவனைக் கத்தியின் பக்கம் இழுத்த படம், அதே பார்ப்பவனைத் தண்ணீர் காட்டி விடுவிக்கக் கூடாது.

கல்மண்டபம்:
பையன் விழுந்த பிறகு தோரே தன் கைகளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் ஷாட்டை மறுபடி பாருங்கள். விடுபட்ட மனிதனின் முகமா அது? கோயிலை இந்தக் கைகளாலேயே கட்டுவேன் என்றுதான் நேர்கிறார். வேறு எப்படி வாழ்வது என்று தெரியவில்லை என்பதும் அவர் வாயாலேயே வருகிறது. ஊற்று அதை மாற்றவில்லை.