புதுப்பிப்பு: டிஸ்ட்யூட்டில்ஸ் போன பிறகு எது எங்கே போனது

பைத்தான் மொழியின் 3.12 பதிப்பில், பேக்கேஜ் கட்ட அதனுடனேயே வந்த பழைய நூலகமான டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டதே, அதை நம்பியிருந்த எங்கள் பழைய நிரல்களை எங்கே மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். செட்டப்டூல்ஸ் என்ற பேக்கேஜ் கட்டும் கருவி தன்னிடம் வைத்திருக்கும் டிஸ்ட்யூட்டில்ஸ் பிரதியே போதும் என்று பலர் சொன்னீர்கள். ஓடும்தான். ஆனால் ஒரு கோப்புறையை நகலெடுக்க பேக்கேஜ் கட்டும் கருவி எதற்கு? எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு நிரல் கணினியில் எங்கே இருக்கிறது என்று தேடும் வேலை, பைத்தானுடனேயே வரும் ஷட்டில் நூலகத்தின் 'விச்'சுக்குப் போனது. ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான். கோப்புறையை நகலெடுப்பதும் ஷட்டிலுக்கே. டிஸ்ட்யூட்டில்ஸில் இருந்த பழையது ஏற்கெனவே இருக்கும் கோப்புறைக்குள் பேசாமல் எழுதும், ஷட்டிலின் புதியது பிழை காட்டி நிற்கும். பைத்தான் 3.8-இல் வந்த 'டர்ஸ் எக்ஸிஸ்ட் ஓகே' (dirs_exist_ok) என்ற தெரிவை ட்ரூ என்று கொடுத்தால் சரி.

பதிப்பு எண் ஒப்பீடுதான் இழுத்தடித்தது. அதற்கு எடுத்துக்கொண்ட 'பேக்கேஜிங்' நூலகம் கறாரானது; '2.1-உபுண்டு' மாதிரி எழுதினால் ஏற்காது. அதனால் எண்ணை மட்டும் முதலில் பிரித்தெடுக்கிறோம்.

'யெஸ்', 'ஆன்' போன்றவற்றை 1 ஆக்கும் டிஸ்ட்யூட்டில்ஸின் ஸ்ட்ர்டுபூலுக்கு (strtobool) மாற்றே தரவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது, இந்த நீக்கத்தை முன்வைத்த பைத்தான் ஆவணமான பெப் 632. பத்து வரிகூட இல்லை, எங்கள் பொதுக் கோப்பிலேயே வைத்துவிட்டோம். செட்டப்டூல்ஸ் இப்போது சி மொழியில் எழுதிய நீட்சிகளைக் கட்டும் ரெப்போவில் மட்டும்.