மாளா யூதக் கல்லறை: ஒரு திருத்தம், கொஞ்சம் புதுத் தகவல்

போன மாதம் கேரளத்தின் மாளாவில் உள்ள யூதக் கல்லறைத் தோட்டம் புதர் மண்டிக் கிடப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை. இந்தியாவின் மிகப் பழைய எபிரேயக் கல்லறைக்கல் அங்கே இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அது கேரளத்திலேயே எர்ணாகுளம் மாவட்டச் சேந்தமங்கலத்தில், யூதர்களின் ஜெப ஆலயத்தின் முன்னால் நிற்கிறது. 'இஸ்ரவேலின் மகள் சாரா' என்பவருடையது, ஆண்டு 1269. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

சரி, ஞாயிறன்று மறுபடி மாளா போனேன். பெரிய நிலம், ஆனால் கல்லறை என்று சொல்ல மிஞ்சியவை மூன்றே. ஒன்றின் பக்கவாட்டில் ஆலங்கன்று வேர்விட்டிருந்தது. யூதர் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு வந்தேன். பூவைவிட அதுதான் அங்கே பொருத்தம்.

"உறவினர்கள் எங்கே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாளா யூதர்களை யாரும் விரட்டவில்லை, 1948-இல் இஸ்ரேல் உருவானபின் தாங்களாகவே அங்கே கிளம்பியவர்கள். 1955-இல் ஜெப ஆலயத்தையும் கல்லறையையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கொச்சி யூதர்கள் (மாளாக்காரர்களும் இதில் சேர்த்திதான்) குடியேறிய நெவாட்டிம் கிராமம் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இருக்கிறது. மாளாவின் மழையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெயில் எப்படி இருந்திருக்குமோ!

அப்புறம், கல்லறை நிலத்தில் ஒரு பகுதி விளையாட்டரங்கமாகிவிட்டது. நான் நின்றபோது அந்தப் பக்கம் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.