கம்பம் பள்ளத்தாக்கு: பெரியாறு தண்ணீருக்கு முந்தைய ஊர்களை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி (மேல்வைகை): கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை இன்று பார்க்கும் வயல்வெளி முழுக்கப் பழையது அல்ல என்கிறார்கள். எந்த ஊர் பழசு, எது 1895-இல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் வந்த பிறகு பெருத்தது? வயலில் கிடைக்கும் பானை ஓட்டை வைத்துச் சொல்ல முடியுமா?

மடைக்கல்: முதலில் வாய்க்கால்களை மறந்துவிடுங்கள். அவை அணைக்குப் பிந்தியவையாக இருக்கலாம்: அணைக்கான குத்தகை ஒப்பந்தம் 1886-இல், திறப்பு 1895-இல். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, வைரவனாறு, சுருளியாறு என்று இறங்கி, தேனிக்குக் கிழக்கே வைகையில் சேர்கிறது. இன்று 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது இதனால்தான். அதற்கு முன் சுருளியாறு மழையை நம்பிய ஆறு. எனவே ஆற்றங்கரை மேடு, பழைய கண்மாய், கல்வெட்டுள்ள கோயில் மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில் தேடுங்கள். சின்னமனூர் நல்ல உதாரணம். பாண்டியர் செப்பேடுகள் அங்கேதான் கிடைத்தன.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 'பட்டி' என்று முடிந்தாலே புதிய ஊர் என்பது தவறு. மாடு அடைத்த பட்டி எந்தக் காலத்திலும் இருந்திருக்கும்.

கரம்பைமண்: பானை ஓட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் பழசுதான். சூளையில் கவிழ்த்துச் சுடும்போது உட்புறத்துக்குக் காற்று போகாது, அதனால் அந்தக் கறுப்பு. ஆனால் அந்த ஓடு அங்கேயே கிடந்ததா? கோடையில் கண்மாய்க் கரம்பையை (அடியில் படிந்த வண்டலை) வெட்டி வயலில் கொட்டுவது வழக்கம்; ஓடும் கூடவே வந்துவிடும். விளிம்பு தேய்ந்து, சிதறலாகக் கிடந்தால் வண்டியில் வந்ததாக இருக்கலாம். நத்தமேட்டின் (பழைய குடியிருப்பு மேட்டின்) அறுந்த ஓரத்தில் சாம்பல், எலும்போடு அடுக்காக இருந்தால் மதிப்பு வேறு. தோண்டாதீர்கள், அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

மேல்வைகை: புலிமான்கோம்பை நடுகல்லில் வரும் 'கூடல் ஊர்' நம்ம கூடலூர்தானா?

மடைக்கல்: ஆண்டிபட்டி வட்டத்தில் 2006-இல் கிடைத்த, தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்த கல் அது. 'கூடல் ஊர் ஆகோள்' என்கிறது, அதாவது ஆநிரை கவர்ந்த பூசல். பெயர் ஒத்துப்போவதால் மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஆறுகள் கூடும் இடமெல்லாம் கூடலூர்தான். மாட்டுக்காக உயிர்விட்டவனுக்குக் கல் நட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் மந்தை பெரிய சொத்து என்று காட்டுகிறது. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு (மாடுகளைத் தெய்வமாக வணங்கும் தொழுவம்) இன்றும் இருக்கிறது, ஆனால் அது மிகப் பிந்தைய மரபு. இரண்டையும் நேர்கோட்டில் இணைத்துவிடாதீர்கள்.

நடுகல் கண்ணில் பட்டால் எண்ணெயோ சுண்ணாம்போ பூச வேண்டாம். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் பார்த்தால் எழுத்து தானே தெரியும்.