பெங்களூர் மொட்டை மாடியிலிருந்து எச்டி 189733 பி: 8 இன்ச் டெலஸ்கோப் போதுமா?

அல்சூர்வானம்:
வணக்கம். 8 இன்ச் ஷ்மிட்-காஸக்ரைன், 0.63 ரெட்யூசர், கூலிங் உள்ள மோனோ சிமாஸ் கேமரா, ஈக்வடோரியல் மவுண்ட், தனியாக ஒரு கைடு ஸ்கோப் (விண்மீனை விடாமல் பின்தொடர உதவும் சின்ன டெலஸ்கோப்). இடம் அல்சூர், மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடி. அக்டோபரில், வேறொரு விண்மீனைச் சுற்றும் எச்டி 189733 பி கோளின் டிரான்சிட்டை, அதாவது கோள் விண்மீனின் முன்னால் கடக்கும்போது ஒளி குறைவதை, பிடிக்க வேண்டும். 1 வினாடி எக்ஸ்போஷரில் எடுத்த டெஸ்ட் படங்களில் வெளிச்ச அளவு ஒன்றரை சதவீதம் மேலும் கீழும் குதிக்கிறது. தெருவிளக்கு வெளிச்சம்தான் காரணமா? எத்தனை மணி நேரம் எடுக்க வேண்டும்? கிடைக்கும் வளைவை வைத்து கோளின் வெப்பநிலையைச் சொல்ல முடியுமா? இந்தக் கோள் நீல நிறம், அங்கே கண்ணாடி மழை என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது எந்த அளவீட்டிலிருந்து வந்தது?

ஒளிவளைவு:
தெருவிளக்கு இல்லைங்க. விண்மீன் 7.7 மேக்னிட்யூடு (பிரகாச அளவு; எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்). அதன் பக்கத்தில் ஊர் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. உங்களைப் படுத்துவது சிண்டிலேஷன், அதாவது காற்றால் விண்மீன் மினுக்குகிற அந்த மினுக்கல். 20 செ.மீ. கண்ணாடிக்கு, பெங்களூரின் 900 மீட்டர் உயரத்தில், 1 வினாடியில் அது சுமார் 1% வரும். வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் பக்கத்து விண்மீனும் தன் பங்குக்குத் தனியாக மினுக்கும். இரண்டையும் வகுத்தால் ஒன்றரை சதவீதம். உங்கள் எண் அப்படியே பொருந்துகிறது. டிரான்சிட்டின் ஆழமே 2.4% என்பதால் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது.

மருந்து நீண்ட எக்ஸ்போஷர். 30 வினாடிக்குப் போனால் 0.2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் ஃபோகஸ் கூர்மையாக இருந்தால் 30 வினாடியில் நடு பிக்சல்கள் நிரம்பி வழியும். அதனால் வேண்டுமென்றே ஃபோகஸைக் கெடுங்கள். விண்மீன் சுமார் 20 பிக்சல் விட்டத்தில் வடை மாதிரி தெரியணும். உச்ச பிக்சல் 65,535-இல் 40,000-ஐத் தாண்டக் கூடாது. கைடு ஸ்கோப் தனியாக இருப்பது நல்லதாகப் போயிற்று. மெயின் ட்யூபின் ஒளியிலேயே கைடு செய்யும் ஆஃப்-ஆக்சிஸ் கைடராக இருந்தால் கைடு விண்மீனும் சேர்ந்து வடையாகியிருக்கும்.

ஆர் (சிவப்பு) ஃபில்டர் போடுங்கள். இது ஆரஞ்சு நிற கே வகை விண்மீன். ஃபில்டர் இல்லாமல் நீல நிற விண்மீனோடு ஒப்பிட்டால், உயரம் குறையக் குறைய இரண்டும் வேறு வேறு அளவில் மங்கி, வளைவு சாய்ந்துகொண்டே போகும். இந்தப் புலத்தில் இணையான பிரகாசமுள்ள துணை கிடைப்பது கஷ்டம். அதனால் 8.5 முதல் 10 மேக்னிட்யூடு வரை மூன்று நான்கு விண்மீன்களைக் கூட்டி ஒப்பிடுங்கள். இலக்கைக் கண்டுபிடிப்பது சுலபம்: டம்ப்பெல் நெபுலாவுக்கு நேர் கிழக்கே கால் டிகிரி.

குறுநரி:
நேரக் கணக்கு நான் சொல்கிறேன். டிரான்சிட் 1.8 மணி நேரம். முன்னும் பின்னும் முக்கால் மணி நேரமாவது கோள் மறைக்காத சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் ஆழத்தை எதிலிருந்து அளப்பது? ஆக மூன்றரை மணி நேரம். அக்டோபர் நடுவில் இந்த விண்மீன் மாலை 6.45-க்கு உச்சியைக் கடக்கிறது, இருட்டுவதற்குள் மேற்கே சாய ஆரம்பித்திருக்கும், எனவே மெரிடியன் ஃப்ளிப் (உச்சியைக் கடக்கும்போது மவுண்ட்டைப் புரட்டுவது) தொல்லை கிடையாது. 30 டிகிரிக்கு இறங்குவது ஏறக்குறைய 11 மணிக்கு. அதாவது 7.15 முதல் 11 வரைதான் உங்கள் சன்னல். டிரான்சிட்டின் மையம் 9 மணியை ஒட்டி விழ வேண்டும்.

சுற்றுக்காலம் 2.2186 நாள். ஒன்பது சுற்று என்பது 20 நாளுக்கு 47 நிமிடம் குறைவு. இன்றைக்கு 9.45-க்கு மையம் என்றால், 20 நாள் கழித்து 9 மணி வாக்கில். இடையில் வரும் மற்ற எட்டும் இந்தச் சன்னலுக்குள் முழுதாக அடங்காமல் சிதறிப் போகும். வடகிழக்குப் பருவமழை மேகமும் சேர்ந்தால் முழு டிரான்சிட் கிடைப்பது அபூர்வம், பாதி கிடைத்தாலும் விடாதீர்கள். தவறினால் மே மாதம் நள்ளிரவுக்குப் பிறகு இன்னொரு பருவம் உண்டு.

கம்ப்யூட்டர் கடிகாரத்தை இன்டர்நெட் நேரத்தோடு பொருத்துங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் மட்டும் இந்த விண்மீனுக்கு நேரம் 6 நிமிடம் வரை முன்பின் ஆகும். அஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் பேரிசென்ட்ரிக் நேரத்துக்கு (சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கான நேரம்) மாற்றி, டிரான்சிட் நேரங்களைத் திரட்டும் எக்ஸோகிளாக் திட்டத்துக்கு அனுப்பலாம்.

ஜவ்வாதுமலை:
வெப்பநிலைக் கேள்விக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் வளைவு நேரடியாகத் தருவது இரண்டு: கோளுக்கும் விண்மீனுக்குமான ஆர விகிதம், சுற்றுப்பாதைக்கும் விண்மீன் ஆரத்துக்குமான விகிதம். முதலாவது 0.155. விண்மீன் ஆரம் சூரியனில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் என்று வைத்தால் கோள் வியாழனைவிட 10–15% பெரியது. இரண்டாவது சுமார் 8.8. விண்மீனின் வெப்பநிலை சுமார் 5,050 கெல்வின், அதை 8.8-இன் இருமடங்கான 17.6-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1,200 கெல்வின். ஒளியைத் திருப்பி அனுப்பாத, வெப்பத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புகிற ஒரு கோளுக்கான கணக்கு இது. அளவீடு என்று சொல்லக் கூடாது.

உண்மையான அளவீடு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி செய்தது. 8 மைக்ரான் அகச்சிவப்பில் கோள் சுற்றும்போது அதன் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்து, 2007-இல் வெப்ப வரைபடம் வெளியானது. பகல் பக்கம் சுமார் 1,200, இரவுப் பக்கம் சுமார் 970 கெல்வின். கோள் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றுகிறது. அப்படியும் மிகச் சூடான இடம் உச்சிவெயில் விழும் புள்ளியில் இல்லை, கிழக்கே தள்ளி இருக்கிறது. காற்று அவ்வளவு வேகமாக வெப்பத்தை இழுத்துப் போகிறது. காற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 கி.மீ. என்பது நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியில் பிறகு தெரிந்தது.

நீல நிறம் ஹபிளின் முடிவு, 2013. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளியில் நீலம் மட்டும் குறைந்தது. கண்ணாடி மழை அப்படியல்ல. சிலிகேட் (கண்ணாடிக்கு மூலப்பொருள்) துகள் மூட்டம் என்பது கோளின் ஒளிச் சிதறலை விளக்க வைத்த ஊகம், அந்தச் சிதறலில் ஒரு பகுதி விண்மீனின் கரும்புள்ளிகளால் வரலாம் என்ற வாதமும் இருக்கிறது. மழையை யாரும் பார்க்கவில்லை. ஜேம்ஸ் வெப் 2024-இல் கண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை வாடை வாயு, இதைவிட உறுதியானது.

அல்சூர்வானம்:
ரொம்ப நன்றி. 30 வினாடி, ஆர் ஃபில்டர், வடை ஃபோகஸ் என்று வைத்துக்கொள்கிறேன். ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) அவசியமா? விண்மீன் அதே பிக்சலில் நின்றால் வேண்டாம் என்கிறார்களே.

ஒளிவளைவு:
நின்றால்தானே! மூன்றரை மணி நேரத்தில் கைடு ஸ்கோப்புக்கும் மெயின் ட்யூபுக்கும் இடையே சற்று வளைவு வந்தாலே பத்து பிக்சல் நகர்ந்துவிடும். தூசி வளையம் ஒன்றின் மேல் விண்மீன் ஏறி இறங்கினால் அரை சதவீதப் பள்ளம் கிடைக்கும், அதை டிரான்சிட்டின் தொடக்கம் என்று நம்பிவிடுவீர்கள். அந்தி வெளிச்சத்தில் 30 ஃப்ளாட், அதே ஃபோகஸில், கேமராவைத் திருப்பாமல். அன்று மாலை ஃபோகஸைக் கெடுத்த பிறகுதான் ஃப்ளாட், முன்னால் இல்லை. இன்னொன்று: எடுத்துக்கொண்டிருக்கும்போது மொட்டை மாடியில் யாரும் நடக்க வேண்டாம், தளம் அதிர்ந்தால் அந்த வடை நீண்டுவிடும், அந்தப் படம் கணக்குக்கு உதவாது.